கைராசி என்று சொல்வது எதை? குடும்ப மருத்துவராக விரும்பும் ஒரு தம்பிக்கு

ஹவுஸ் சர்ஜனாக, அதாவது எம்.பி.பி.எஸ். கடைசி வருடப் பயிற்சி மருத்துவராக இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "கூடப் படித்தவர்கள் எல்லாரும் ரேடியாலஜி, டெர்மடாலஜி என்று ரேங்குக்காகப் படிக்கிறார்கள். எனக்கு ஒரு சின்ன ஊரில் கிளினிக் வைத்துக் குடும்ப மருத்துவராக இருக்கத்தான் பிடித்திருக்கிறது. 'வெறும் எம்.பி.பி.எஸ்.ஸோடு நிற்கப் போறியா' என்று வீட்டில் வருத்தப்படுகிறார்கள். இனிமேல் அந்த வேலைக்கு இடம் இருக்குமா? அந்த வேலை நிஜத்தில் எப்படி இருக்கும்? அதற்கென்று தனியாகப் படிக்க வேண்டுமா?"

நான் திண்டுக்கல் மாவட்டம் ஒட்டன்சத்திரம் பக்கம் 27 வருடமாகக் கிளினிக் வைத்திருக்கிறேன். காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர்கள், முருங்கைத் தோட்டக்காரர்கள், நூல் மில்லுக்குப் போகும் பெண்கள், அவர்களுடைய மாமியார்கள், பிள்ளைகள். இவர்கள்தான் என் நோயாளிகள். உங்கள் கேள்விக்குச் சுருக்கமாக ஆம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் எதற்கு ஆம் என்கிறேன் என்று தெரியாமல் நீங்கள் வந்து மாட்டிக்கொள்ளக் கூடாது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், இந்த வேலைக்கு இடம் இருக்கிறதா என்ற கேள்வி. 1961-இல் கெர் வைட் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய சகாக்களும் ஒரு கணக்குப் போட்டார்கள். 1000 பெரியவர்களை எடுத்துக்கொண்டால், ஒரு மாதத்தில் 750 பேருக்கு ஏதாவது ஒரு உடம்புத் தொந்தரவு வருகிறது. அதில் 250 பேர் டாக்டரைப் பார்க்கிறார்கள். 9 பேர் ஆஸ்பத்திரியில் சேர்கிறார்கள். 5 பேர் வேறொரு டாக்டரிடம் அனுப்பப்படுகிறார்கள். பெரிய பல்கலைக்கழக மருத்துவமனை வரை போகிறவர் ஒரே ஒருவர். 40 வருடம் கழித்து 2001-இல் மறுபடி பார்த்தபோதும் படம் பெரிதாக மாறவில்லை. நீங்களும் நானும் ஐந்தரை வருடம் படித்தது அந்த ஒருவரை வைத்துத்தான். மிச்சம் 249 பேரை எப்படிப் பார்ப்பது என்று எந்த வார்டிலும் யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. அந்த 249 பேர் இருக்கும்வரை இந்த வேலையும் இருக்கும்.

வார்டில் நோயாளி நம்மிடம் வரும்போதே அவருக்கு ஒரு பெயர் ஒட்டப்பட்டிருக்கும். "பெட் நம்பர் 14, சிரோசிஸ்", அதாவது கல்லீரல் சுருக்கம். கிளினிக்கில் அப்படி எதுவும் கிடையாது. "ஒரே அசதியா இருக்குங்க." "கிறுகிறுன்னு வருதுங்க." "உடம்பெல்லாம் ஒரு மாதிரி உளைச்சலா இருக்குது." இதை வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். அசதி என்பது ரத்தசோகையாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம், சுகராக இருக்கலாம். வீட்டுக்காரர் தினமும் குடித்துவிட்டு வந்து தூங்க விடாமல் செய்வதாலும் இருக்கலாம். இரண்டு சேர்ந்தும் இருக்கும். ஹீமோகுளோபின் 8 என்று வந்துவிட்டது, விடை கிடைத்துவிட்டது என்று நீங்கள் நிறுத்திக்கொண்டால், இரும்புச்சத்து மாத்திரையோடு அவள் வீட்டுக்குப் போவாள், மூன்று மாதம் கழித்து அதே அசதியோடு திரும்பி வருவாள்.

ஒரு நாள் சாயங்காலம் நடந்ததைச் சொல்கிறேன். ஐம்பத்தி ஆறு வயது அம்மா, தோட்ட வேலை செய்பவர். மூட்டு வலி என்று வந்தார். முழங்காலைப் பார்த்தேன், மாத்திரை எழுதினேன், சம்மணம் போட்டு உட்கார வேண்டாம் என்றேன். சீட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். எழுந்தார். கதவுப் பக்கம் போய், கால் செருப்பைத் தேடும்போது, முகத்தை என் பக்கம் திருப்பாமலே சொன்னார்: "அப்புறம் டாக்டரம்மா, ஒரு சின்ன விசயந்தாங்க. தீட்டு நின்னு அஞ்சு வருசமாச்சு. இப்ப ஒரு மாசமா லேசா படுதுங்க. சூடா இருக்குமா?"

வெளியில் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் அவரைத் திரும்ப உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அது சூடு இல்லை. வேறு காரணம் நிரூபணமாகும்வரை கர்ப்பப்பைப் புற்றுநோயாக இருக்கலாம் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஸ்கேனில் கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்திருந்தது. சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்ததில் ஆரம்ப நிலைப் புற்று. கர்ப்பப்பையை எடுத்தார்கள். இன்றைக்கும் மூட்டு வலிக்கு என்னிடம்தான் வருகிறார்.

அவர் வந்தது மூட்டு வலிக்காக இல்லை. முதல் நிமிடத்தில் சொல்ல முடியாததைச் சொல்ல, மூட்டு வலியைத் துணைக்கு அழைத்து வந்தார். செருப்பைத் தேடும்போது வரும் வார்த்தையைக் காதில் வாங்கப் பழகுங்கள். என் அனுபவத்தில் மார்புக் கட்டி, மூலத்தில் ரத்தம், மகனின் குடி, மருமகளின் குழந்தையின்மை எல்லாம் அந்த நேரத்தில்தான் வெளியே வந்திருக்கின்றன.

சரி, கைராசிக்கு வருகிறேன். நம் ஊரில் ஒரு டாக்டரைப் பாராட்டுவதென்றால் "நல்ல கைராசிக்காரரு" என்பார்கள். நான் இளம் டாக்டராக இருந்தபோது அந்த வார்த்தை எனக்குப் பிடிக்காது. நான் படித்துக் கண்டுபிடித்ததை ராசிக் கணக்கில் எழுதுகிறார்களே என்று இருக்கும். இப்போது அப்படி நினைப்பதில்லை. ஜனங்கள் கைராசி என்று சொல்வது பெரும்பாலும் ஒரு டாக்டர் தங்களை நெடுநாளாகத் தெரிந்து வைத்திருப்பதைத்தான். இந்த ஆளுக்கு சாதாரணமாகவே நாடி எப்படி ஓடும், இவர் "கொஞ்சம் வலிக்குது" என்றால் எவ்வளவு வலி என்று அர்த்தம், இவர் அப்பா எந்த வயதில் எதனால் போனார், எந்த மாத்திரை இவருக்கு ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் கையில் இருந்தால், மருந்து சரியாக விழத்தான் செய்யும்.

இது வெறும் அபிப்பிராயம் இல்லை. நார்வேயில் ஒவ்வொருவருக்கும் ஒரு குடும்ப மருத்துவர் பெயர் பதிவாகி இருக்கும். அங்கே சுமார் 45 லட்சம் பேருடைய பதிவுகளை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரே டாக்டரிடம் 15 வருடத்துக்கு மேல் இருப்பவர்களை, ஒரு வருடம் மட்டுமே இருந்தவர்களோடு ஒப்பிட்டால், அகாலத்தில் அவசர டாக்டரைத் தேடுவது ஏறக்குறைய 30 சதவீதம் குறைவு, திடீரென்று ஆஸ்பத்திரியில் சேர்வது 28 சதவீதம் குறைவு, இறப்பு 25 சதவீதம் குறைவு. வருடம் கூடக்கூட இந்த வித்தியாசமும் கூடிக்கொண்டே போனது. ஒரு புது மாத்திரை இவ்வளவு வேலை செய்தால் எவ்வளவு பேசுவோம்!

தெரிந்து வைத்திருப்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் வில்லியம் பிக்கிள்ஸ். இங்கிலாந்தில் யார்க்ஷயர் மலைப்பகுதியில் அய்ஸ்கார்த் என்ற சிற்றூரில் டாக்டராக இருந்தார். ஒரு சாயங்காலம் குன்றின் மேல் நின்று பள்ளத்தாக்கைப் பார்த்தபோது, கீழே தெரிந்த ஊர்களில் அநேகமாக ஒவ்வொரு ஆண், பெண், குழந்தையின் பெயரும் தனக்குத் தெரியும் என்று அவருக்குத் தோன்றியது. 1929-இல் அந்தப் பக்கம் மஞ்சள் காமாலை பரவியது. யார் யாரை எந்தத் தேதியில் பார்த்தார்கள், யார் எந்த விருந்துக்குப் போனார்கள் என்று பிக்கிள்ஸுக்குத் தெரியும். அதை வைத்தே, நோய் தொற்றியதிலிருந்து வெளியே தெரிய எத்தனை நாள் ஆகும் என்று கணக்குப் போட்டுவிட்டார். ஆய்வுக்கூடம் கிடையாது, உதவியாளர் படை கிடையாது. ஒரு நோட்டுப் புத்தகமும் ஊரைத் தெரிந்த மனசும்தான். பிரிட்டனில் 1952-இல் பொது மருத்துவர்களுக்கென்று தனிக் கல்லூரி அமைந்தபோது அதன் முதல் தலைவராக அவரைத்தான் வைத்தார்கள்.

இன்னொருவர் ஜூலியன் டியூடர் ஹார்ட். வேல்ஸில் க்ளின்கொரக் என்ற சுரங்கத் தொழிலாளர் கிராமத்தில் இருந்தவர். நல்ல மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் குறைவாகக் கிடைக்கிறது என்று 1971-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினாரே, அவர்தான். அவர் செய்த காரியம் எளிமையானது. வருகிறவருக்கு மட்டும் பிரஷர் பார்க்காமல், தன் பட்டியலில் உள்ள பெரியவர்கள் எல்லாருக்கும் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். வராதவர்களைத் தேடிப் போனார். 25 வருடம் கழித்துக் கணக்குப் பார்த்தபோது, அதே மாதிரி ஏழ்மையான பக்கத்து ஊரைவிட அவர் ஊரில் இளவயதுச் சாவு கணிசமாகக் குறைந்திருந்தது. அதைப் படித்த பிறகுதான் நான் குடும்பத்துக்கு ஒரு அட்டை போட்டேன். ஒரே எண், அதில் தாத்தா முதல் பேரன் வரை எல்லாரும். காய்ச்சலோடு வரும் பேரனைக் கூட்டிக்கொண்டு வரும் தாத்தாவுக்கு, அட்டையைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு பிரஷர் பார்த்து ஒரு வருசமாச்சே, கையை நீட்டுங்க" என்று சொல்ல முடிகிறது.

குடும்பத்தோடு பார்ப்பதில் இன்னொரு லாபம் உண்டு. நாலு வயதுக் குழந்தைக்குக் கழுத்தில் நெறி கட்டி இருக்கிறது, எடை ஏறவில்லை என்று ஒரு முறை கொண்டுவந்தார்கள். காசநோயாக இருக்கும் என்று பட்டது. குழந்தைக்குக் காசநோய் வந்தால், அதை இருமிக் கொடுத்த பெரியவர் யாரோ பக்கத்தில் இருக்கிறார் என்று அர்த்தம். அட்டையைத் திருப்பினால் பாட்டிக்கு "நாள்பட்ட சளி" என்று என் கையெழுத்திலேயே இருந்தது. பாட்டியின் சளியை அன்றே பரிசோதனைக்கு அனுப்பினேன். இருவரும் சேர்ந்து ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுக் குணமானார்கள். குழந்தையை மட்டும் பார்க்கும் டாக்டரும் பாட்டியை மட்டும் பார்க்கும் டாக்டரும் தனித்தனியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

காய்ச்சலைப் பற்றிச் சொல்லாமல் நம் ஊர்க் கிளினிக்கைப் பற்றிப் பேச முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் வருகிறவர்களில் பாதிப் பேர் காய்ச்சல்தான். முதல் நாள் காய்ச்சலைப் பார்த்து எந்த மேதையாலும் இது இன்னதுதான் என்று சொல்ல முடியாது. குடும்ப மருத்துவரின் கையில் இருக்கும் பெரிய கருவி நாள். இன்று பார்த்துவிட்டு, "நாளன்னைக்கு காலையில வாங்க, அதுக்குள்ள வயித்து வலி, நிக்காத வாந்தி, பல்லுல ரத்தம், ஒன்னுக்குக் குறையிறது, ஒரே தூக்கமா கிடக்கிறது, இதுல ஒன்னு வந்தாலும் ராத்திரியே வாங்க" என்று சொல்லி அனுப்புவதும் வைத்தியம்தான். டெங்குவில் காய்ச்சல் விட்டதும் ஜனங்கள் நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆபத்து தொடங்குவதே காய்ச்சல் இறங்கும் அந்த ஒன்றிரண்டு நாளில்தான் என்பதை ஒவ்வொரு அம்மாவுக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்தை ஊசியாகப் போட்டு வேர்க்க வைத்து அனுப்பினால் அன்றைக்குப் பெயர் வாங்கலாம். டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவைக் கூட்டிவிடும்.

போன மழைக்கு ஒரு தோட்டத் தொழிலாளி ஏழு நாள் காய்ச்சலோடு வந்தார். இரண்டு இடத்தில் ஊசி போட்டிருந்தார்கள், விலை கூடிய ஆன்டிபயாட்டிக்கும் ஓடியிருந்தது. தலைவலி, கண் சிவப்பு. சட்டையைக் கழற்றச் சொன்னேன். அக்குள் பார்த்தேன், ஒன்றும் இல்லை. "வேட்டியைக் கொஞ்சம் தளர்த்துங்க" என்றேன். அரைஞாண் கயிற்றுக்குக் கீழே, இடுப்பு மடிப்பில், பீடி நெருப்பு சுட்ட மாதிரி ஒரு கறுத்த பொருக்கு. வலியே கிடையாது, அதனால் அவருக்கே தெரியாது. உண்ணிக் காய்ச்சல், அதாவது ஸ்க்ரப் டைஃபஸ். புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்து வருவது. பென்சிலின் வகை மருந்துகள் அதைத் தொடக்கூட முடியாது. டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், காலை ஒன்று மாலை ஒன்று. மூன்றாம் நாள் காய்ச்சல் இல்லாமல் வந்து நின்றார். அந்த மாத்திரை ஒன்று சில ரூபாய்தான். அவர் அதற்குள் செலவழித்திருந்தது அவருடைய ஒரு மாதச் சம்பளம்.

முந்தைய டாக்டர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. அவர்களிடம் இருந்தது இரண்டு நிமிடம். உண்மையிலேயே இரண்டு நிமிடம்தான். 67 நாடுகளில் முதல்நிலை மருத்துவர் ஒரு நோயாளிக்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறார் என்று தொகுத்த ஆய்வு 2017-இல் வந்தது. ஸ்வீடனில் 22 நிமிடத்துக்கு மேல், வங்கதேசத்தில் 48 நொடி, இந்தியாவில் சுமார் 2 நிமிடம். இரண்டு நிமிடத்தில் வேட்டியைத் தளர்த்தச் சொல்ல முடியாது. ஊசிதான் போட முடியும்.

இங்கேதான் பணம் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. குடும்ப மருத்துவர் என்றதும் பலருக்கு நினைவு வருவது பழைய வண்ணாரப்பேட்டையில் ஐந்து ரூபாய்க்கு வைத்தியம் பார்த்த டாக்டர் ஜெயச்சந்திரன், வியாசர்பாடியில் இரண்டு ரூபாய்க்குப் பார்த்த டாக்டர் திருவேங்கடம். இருவரும் இறந்தபோது அந்தப் பகுதி மக்கள் கலங்கினார்கள். அவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் தம்பி, நீங்கள் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். கட்டணம் மிகவும் குறைந்தால், வாடகை கட்ட நீங்கள் ஒரு சாயங்காலத்துக்கு நூற்றைம்பது பேரைப் பார்க்க வேண்டியிருக்கும். அல்லது லேபிலிருந்தும் ஸ்கேன் சென்டரிலிருந்தும் வரும் கமிஷன் கவரை வாங்க வேண்டியிருக்கும். கவரை ஒரு முறை வாங்கிவிட்டால், எந்த டெஸ்ட் தேவை என்று முடிவு செய்வது அப்புறம் நீங்கள் இல்லை. நான் 150 ரூபாய் வாங்குகிறேன். ஒரு வாரத்துக்குள் திரும்ப வந்தால் வாங்குவதில்லை. ஏனென்றால் திரும்ப வரச் சொல்வதே என் வைத்தியம். கொடுக்க முடியாதவர் யார் என்று எனக்குத் தெரியும், என் கம்பவுண்டருக்கும் தெரியும். ஒரு ஸ்பெஷலிஸ்ட் சம்பாதிப்பது வராது. பிள்ளைகளைப் படிக்க வைத்தேன், வீடு கட்டினேன், கடன் இல்லை.

"ஊசி போடுங்க" என்பதை எப்படிச் சமாளிப்பது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். மறுத்துச் சொற்பொழிவு ஆற்றினால் அவர் எழுந்து எதிர்க் கடைக்குப் போய்விடுவார். நான் செய்வது இது: முதலில் நன்றாகத் தொட்டுப் பார்ப்பேன். நெஞ்சில் ஸ்டெத் வைப்பேன், தொண்டையில் டார்ச் அடிப்பேன், வயிற்றை அமுக்கிப் பார்ப்பேன். பார்த்ததைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே பார்ப்பேன்: "நெஞ்சுல சளி இல்ல, தொண்டை லேசா செவந்திருக்கு, அவ்வளவுதான்." ஊசி கேட்பவர்களில் பலர் உண்மையில் கேட்பது, "என்னைக் கவனி" என்பதை. கவனித்துவிட்டால் ஊசி பாதி நேரம் மறந்து போகிறது. மீதிப் பாதி நேரம் நான் தோற்பதும் உண்டு. ஊசி போடாமலே அனுப்பி, அவர் போய் வேறு இடத்தில் போட்டுக்கொண்டு வருவார். ஐந்து வருடத்தில் அந்த வீட்டுக்காரர்கள் கேட்பதை நிறுத்துவார்கள். அவ்வளவு பொறுமை வேண்டும்.

இப்போது என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். கிளினிக் தொடங்கி நான்காம் வருடம். மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர், 44 வயது, இரவு ஏழரை மணிக்கு வந்தார். நடு நெஞ்சில் எரிச்சல். மதியம் புரோட்டா சாப்பிட்டதாகச் சொன்னார். அவரே, "கேஸ் டிரபிள்தாங்க" என்றார். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ரானிடிடின் ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து அனுப்பினேன். அவர் சட்டை முதுகில் நனைந்திருந்ததைப் பார்த்தேன். மூட்டை தூக்குகிறவர், வேர்வைதானே என்று விட்டுவிட்டேன். நள்ளிரவில் திண்டுக்கல்லுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மாரடைப்பு. உயிர் பிழைத்தார். இதயத்தின் பம்ப் பாதி போய்விட்டது. அதன் பிறகு அவரால் ஒரு மூட்டைகூடத் தூக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய் அவர் மனைவியிடமும் அவரிடமும் நடந்ததைச் சொன்னேன். "நான் அன்னைக்கு ஈ.சி.ஜி. எடுத்திருக்கணும். எடுக்கல. என் தப்பு." சீனியர் ஒருவர் அப்படிச் சொல்லாதே, கேஸ் போடுவார்கள் என்று தடுத்தார். சொல்லாமல் இருந்திருந்தால் அந்த ஊரில் என்னால் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருக்க முடியாது. அவர்கள் கேஸ் போடவில்லை. அவர் கடைசிவரை என்னிடம்தான் மாத்திரை எழுதிக்கொண்டார். அந்த வாரமே கடன் வாங்கி ஈ.சி.ஜி. மெஷின் வாங்கினேன். இன்றுவரை முப்பத்தைந்து வயதுக்கு மேல் யார் "கேஸ்" என்று சொன்னாலும், தாடையிலிருந்து தொப்புள்வரை எங்கே எரிந்தாலும், முதலில் படுக்க வைத்து ஈ.சி.ஜி. எடுப்பேன். நார்மலாக இருந்தால் சிறிது நேரம் உட்கார வைத்து மறுபடி எடுப்பேன். மாரடைப்பு என்றால் உடனே கொடுக்க ஆஸ்பிரின் 300 மில்லிகிராம் மேஜை டிராயரிலேயே இருக்கும். கிளினிக் தொடங்கும்போது ஏ.சி. போடாவிட்டாலும் பரவாயில்லை, ஈ.சி.ஜி. இல்லாமல் தொடங்காதீர்கள்.

நாள்பட்ட நோய்கள் உங்கள் நேரத்தில் பாதியை எடுத்துக்கொள்ளும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் தொடங்கியதிலிருந்து என் நோயாளிகளில் பலருக்கு சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது. அதனால் நமக்கு வேலை குறையும் என்று சிலர் பயந்தார்கள். எனக்கு அது பெரிய உதவி. மாத்திரை வாங்க முடியாமல் விட்டுவிடுகிறார்களே என்ற கவலை போனது. மிஞ்சிய நேரத்தில் சுகர்காரர்களின் காலைப் பார்க்கிறேன். விரல் இடுக்கு, குதிகால் வெடிப்பு, நைலான் இழையால் தொட்டால் உணர்வு இருக்கிறதா என்று. சிலருக்குப் பாதத்தில் ஆணி குத்தி மூன்று நாள் ஆகியிருக்கும், தெரிந்தே இருக்காது.

அப்புறம் மஞ்சப்பை. வீட்டில் இருக்கும் மாத்திரை எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுக்கொண்டு வரச் சொல்லி, மேஜையில் கொட்டிப் பார்ப்பேன். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகி வந்தவர்களுக்கு இதைக் கட்டாயம் செய்வேன். டெல்மிசார்ட்டன் என்ற ஒரே பிரஷர் மாத்திரையை இரண்டு கம்பெனிப் பெயரில் சாப்பிட்டுக்கொண்டு, எழுந்தால் தலை சுற்றுகிறது என்பார்கள். பழைய மாத்திரையை நிறுத்துங்கள் என்று அங்கே யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். புதியதை எழுதியவருக்குப் பழையது இருந்ததே தெரியாது. பதினொரு மாத்திரையை ஆறாகக் குறைத்து ஒரு சீட்டில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுப்பது எந்த ஆபரேஷனுக்கும் குறைந்த வேலை இல்லை.

அனுப்புவதும் ஒரு கலை. எப்போது அனுப்புவது என்பதைவிட எப்படி அனுப்புவது என்பதில்தான் நாம் கோட்டை விடுகிறோம். "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சொல்லி அனுப்புவது கைகழுவுவது. யாரிடம், எதற்காக, இதுவரை என்ன செய்தேன், நான் என்ன சந்தேகப்படுகிறேன் என்று ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். முடிந்தால் அந்த டாக்டருக்கு ஒரு போன். அங்கிருந்து திரும்பி வந்ததும் என்ன சொன்னார்கள் என்பதை நம் மொழியில் அவர்களுக்கு விளக்குங்கள். ஸ்டென்ட் வைக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் முன் என்னிடம் வந்து, "நீங்க என்ன சொல்றீங்க" என்று கேட்பவர்கள் என்னை இதய நிபுணர் என்று நினைத்துக் கேட்பதில்லை. எனக்கு இதில் ஆதாயம் எதுவும் இல்லை என்பதால் கேட்கிறார்கள்.

கஷ்டமான பக்கத்தையும் மறைக்க விரும்பவில்லை. சின்ன ஊரில் ரகசியம் காப்பது பெரும்பாடு. மாமியார் வந்து, "மருமகளுக்கு என்னதான் பிரச்சினை, நம்ம டாக்டர்தானே, சொல்லுங்க" என்பார். கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரிக்க வருவார்கள். கடைத்தெருவில் ரிப்போர்ட்டை நீட்டுவார்கள். ஒரு முறை நீங்கள் வாய் தவறினால் அந்தத் தெருவில் பெண்கள் யாரும் அதன் பிறகு உண்மை பேச மாட்டார்கள். என் பதில் எல்லாருக்கும் ஒன்றுதான்: "அவங்களையே கூட்டிட்டு வாங்க, மூணு பேரும் சேர்ந்து பேசலாம்." கையில் காயத்தோடு "படியில விழுந்துட்டேன்" என்று வரும் பெண்ணை, கூட வந்தவரை வெளியே உட்கார வைத்துவிட்டுத் தனியாகக் கேளுங்கள். முதல் முறை சொல்ல மாட்டாள். மூன்றாம் முறை சொல்லக் கூடும்.

கடைசி நாட்களில் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள். புற்றுநோய் முற்றிய ஒருவர் திண்ணையில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருப்பார். குணப்படுத்த ஒன்றும் இல்லை. சிறுநீர்க் குழாயை மாற்றலாம், புண்ணைச் சுத்தம் செய்யலாம், மலச்சிக்கலைப் பார்க்கலாம், வலிக்கு மார்பின் கிடைக்கும் இடம் தெரிந்து வாங்கித் தரலாம். "ஐ.சி.யூ.வுல சேக்கலன்னா சொந்தக்காரங்க ஏதாவது சொல்லுவாங்களே" என்று மகன் தவிப்பான். "வேண்டாம்ப்பா, இங்கயே இருக்கட்டும், நான் வர்றேன்" என்று ஒரு டாக்டர் சொன்னால் அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய பாரம் இறங்குகிறது என்பதை நான் நிறைய வாசல்களில் பார்த்திருக்கிறேன்.

படிப்பு பற்றி. எம்.பி.பி.எஸ். முடித்து தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் பதிந்தால் சட்டப்படி நீங்கள் வைத்தியம் பார்க்கலாம். ஆனால் அது போதாது என்று முதல் மாதமே தெரிந்துவிடும். குடும்ப மருத்துவத்தில் டி.என்.பி. என்ற மூன்று வருட மேற்படிப்பு இருக்கிறது, நீட் பி.ஜி. நுழைவுத் தேர்வு எழுதிச் சேரலாம். மெடிசின், குழந்தைகள், மகப்பேறு, சர்ஜரி, தோல், மனநலம் என்று எல்லாத் துறைகளிலும் சுற்ற விடுவார்கள். எம்.டி. ஃபேமிலி மெடிசின் இடங்கள் நாட்டில் மிகக் குறைவு. வேலை பார்த்துக்கொண்டே படிக்க வேண்டுமென்றால் வேலூர் சி.எம்.சி. நடத்தும் தொலைநிலை டிப்ளமோ நல்லது. ஊர்ப்புற டாக்டர் தானே எவ்வளவு தூரம் பார்த்துக் குணப்படுத்தலாம் என்பதை மையமாக வைத்துத்தான் அதை அமைத்திருக்கிறார்கள். நான் அதை நாற்பது வயதுக்கு மேல் படித்தேன், இன்னும் முன்பே படிக்காமல் போனோமே என்று இருந்தது. வீட்டில் "வெறும் எம்.பி.பி.எஸ்." என்று வருத்தப்படுகிறவர்களிடம், இதுவும் ஒரு தனித்துறை, அதற்கும் பட்டம் உண்டு என்று சொல்லுங்கள்.

நேராக கிளினிக் வைக்க வேண்டாம். இரண்டு வருடமாவது ஒரு தாலுகா ஆஸ்பத்திரியிலோ மிஷன் ஆஸ்பத்திரியிலோ கேஷுவாலிட்டியும் (அவசரப் பிரிவு) பிரசவமும் குழந்தைகள் வார்டும் பாருங்கள். பாம்புக்கடியும் பூச்சிமருந்து குடித்தவர்களும் வருகிற இடமாக இருக்கட்டும். அப்புறம் ஊரைத் தேர்ந்தெடுங்கள். குறைந்தது பத்து வருடம் இருக்க முடியும் என்று தோன்றுகிற ஊராக இருக்க வேண்டும். பக்கத்து ஊர் டாக்டர் ஒருவரோடு பேசி வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமையை மாற்றி மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள். நான் முதல் எட்டு வருடம் ஒரு நாள்கூட லீவு எடுக்காமல் இருந்து, கடைசியில் என் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எரிந்து விழுகிற ஆளாகிவிட்டேன்.

முதல் வருடம் ஆள் வராது. அதற்குப் பயப்பட வேண்டாம். வருகிற எட்டுப் பேருக்கும் அட்டை போடுங்கள், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். இடம் பார்க்கும்போது மெயின் ரோடு, முகப்பு என்று பார்க்காமல் இரண்டு விஷயம் பாருங்கள்: படி ஏறாமல் உள்ளே வர முடிய வேண்டும், நோயாளிகளுக்குத் தண்ணீர் வருகிற ஒரு கழிப்பறை இருக்க வேண்டும். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு முழங்கால் வலி, மீதிப் பாதிப் பேருக்கு சுகர்.